பாவைப்பிள்ளைக்கும் ஒரு சட்டை

எமது பிரதேசங்களில் பெண் தலைமைக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து இறங்குவது தையல் மெசின்தான். 2004 கடற்கோளுக்குப் பின்னர் வந்தது. 2007 மீள்குடியேற்றத்தோடு வந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் அதிகமாக வந்தது. இதன் விளைவை உங்களில் பலர் அனுபவத்தில் அறிவீர்கள். ஒரே ஒழுங்கையில் ஐந்து மெசின்கள் இருக்கும். தைப்பதற்குத் துணி இராது. பாடசாலை தொடங்கும் சனவரியில் சீருடை, சித்திரை வருடத்துக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நான்கு சட்டை, அதற்குப் பிறகு மெசினுக்கு மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு இருப்பதுதான். கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வரும் ஆயத்த ஆடைகளின் விலையோடு வீட்டில் தைப்பவர் போட்டியிட முடியாது.

போட்டியிட முடியாத இடத்தில் நிற்காமல் வேறு எதையாவது தைக்கலாமா என்று தேடியபோது எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பாவைப்பிள்ளை. மட்டக்களப்பின் படுவான்கரையில் பதினொரு பெண்கள் சேர்ந்து செய்கின்ற சிறு தொழில் இது. நான் அவர்களோடு வேலை செய்கின்ற சமூகப் பணியாளர். தையலில் அவர்கள்தான் எனக்கு ஆசிரியைகள். பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியலில் உழைப்பைப் பற்றிப் பல பாடங்கள் இருந்தன. ஒன்பது அங்குல அகலமுள்ள ஒரு சட்டைக்குள் எத்தனை மணித்தியாலம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. அந்த மணித்தியாலங்களைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத வேண்டும். முதலில் தொழிலைப் பார்ப்போம்.

பஞ்சும் துணியும்

எங்கள் பாவைப்பிள்ளையின் உடல் சாயமிடாத பருத்தித் துணி. உள்ளே இலவம் பஞ்சு. தலைமயிர் பருத்தி நூல், சிலவற்றுக்குத் தென்னந்தும்பு. கண்ணும் வாயும் நூலால் தைத்தவை. பொலியெஸ்ரர் பஞ்சு கடையில் இலகுவாகக் கிடைக்கும், வேலையும் சுலபம். ஆனால் ஊரில் இலவ மரம் நிற்கும்போது அதைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்றுதான் தொடங்கினோம். இயற்கை நாரால் செய்த விளையாட்டுப் பொருட்களுக்கு வெளியில் தனியாக ஒரு சந்தை இருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1919இல் தொடங்கப்பட்ட வோல்டோர்ஃப் பாடசாலையின் வழிவந்த பாடசாலைகளில் இவ்வகைப் பொம்மைகளையே குழந்தைகளுக்குக் கொடுக்கின்றனர். மேலே பருத்தி, உள்ளே ஆட்டுரோமம், முகத்தில் இரண்டு கண் புள்ளியும் ஒரு வாயும் மட்டும். முகம் முழுதாக வரையப்படாததால் பொம்மை சிரிக்கிறதா அழுகிறதா என்பதைக் குழந்தையே தீர்மானிக்கும் என்பது அவர்களின் கருத்து. இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த காலத்தில் எங்கள் தாய்மார் பழைய சேலைத்துண்டைச் சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்த பொம்மைக்கு முகமே இருக்கவில்லை. அதையும் நாம் தூங்க வைத்தோம், அடித்தோம், சோறு தீத்தினோம்.

இலவம் பஞ்சைக் கையாள்வதில் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். காய் வெடித்ததும் எடுத்து, வெயிலில் போட்டு, தடியால் அடித்து விதையைப் பிரிக்க வேண்டும். அப்போது எழும் தூசு நெஞ்சுக்குள் போனால் இருமல் விடாது. ஆகவே வெளியில், காற்று அடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி இருந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டே அடிக்கிறோம். இழுப்பு உள்ளவர்களை இந்த வேலைக்கு விடுவதில்லை. பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் குப்பி விளக்கோ நுளம்புத்திரியோ வைக்கவே கூடாது. ஒரு பொறி போதும்.

இலவம் பஞ்சின் நாரில் இயற்கையாகவே மெழுகுத்தன்மை இருப்பதால் அது தண்ணீரை இலகுவில் உறிஞ்சாது. அதனால்தான் முன்னர் கடலில் உயிர்காக்கும் அங்கிகளுக்குள் அதை வைத்தார்கள். ஆனால் பொம்மையைத் தோய்த்துப் பிழிந்தால் பஞ்சு கட்டிபட்டுவிடும், உள்ளே காயவும் நாளாகும். அடிக்கடி தோய்க்க முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது? உடுப்பைக் கழற்றித் தோய்க்க வேண்டும். எனவே இந்தப் பொம்மைக்கு உடுப்பு வெறும் அலங்காரம் அல்ல, உடலை அழுக்குப் படாமல் காப்பதே அதுதான். கழற்றிப் பூட்டக்கூடியதாக, தோய்த்தால் சாயம் போகாததாக, சுருங்காததாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்தே வருகின்றன. உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்ட சட்டை பார்க்க அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் அந்தப் பொம்மை குப்பைக்குப் போய்விடும்.

துணிக்கு நாங்கள் நம்பியிருப்பது மருதமுனைக் கைத்தறியின் வெட்டுத்துண்டுகளை. சாரமும் சேலையும் நெய்கின்ற அந்த ஊரில் ஓரத் துண்டுகளும் நெசவுப் பிழை விழுந்த துண்டுகளும் நிறைக்கணக்கில் கிடைக்கும். எங்களுக்கு ஒரு சாண் அகலம் போதும். கைத்தறித் துணி இறுக்கம் குறைந்ததாக இருந்தால் வெட்டிய ஓரம் இழையிழையாகப் பிரிந்துவிடும். பெரிய சட்டையில் கால் அங்குலம் பிரிந்தால் தெரியாது. பொம்மையின் தோள்மூட்டு மொத்தமே ஒன்றரை அங்குலம். அதில் கால் அங்குலம் போனால் சட்டையே போனமாதிரி. இதற்கு எங்கள் குழுவின் மூத்த அக்கா கண்ட வழி சோற்றுக் கஞ்சி. வெட்டுவதற்கு முன்னர் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டுச் சுருங்கச் செய்து, காயவிட்டு, பின் கஞ்சி போட்டு அயன் பண்ணினால் துணி கடதாசி மாதிரி நிற்கும். இழை பிரியாது, வெட்டவும் மெசினில் ஓட்டவும் இலகு. தைத்து முடித்துக் கழுவியதும் கஞ்சி போய்விடும்.

ஊறவிடும் அந்த இரவில் சாயமும் தெரிந்துவிடும். கருஞ்சிவப்பும் கருநீலமும் ஏமாற்றும் நிறங்கள். வெள்ளைத் துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்ப்போம். சிறிது ஒட்டினாலும் அந்தத் துணியைப் பொம்மைக்கு எடுப்பதில்லை. குழந்தைகள் பொம்மையின் சட்டையை வாயில் வைத்துச் சூப்புவார்கள். தீங்கான பொருட்களை வெளிவிடக்கூடிய சில வகைச் சாயங்களை உடலில் படும் துணிகளுக்குப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தடைசெய்தது. விளையாட்டுப் பொருட்களுக்கான துணியும் அதில் அடங்கும். எனவே என்ன சாயம் என்று நெசவாளரிடம் கேட்டு எழுதி வைப்பது ஏற்றுமதிக்கும் நல்லது, எங்கள் பிள்ளைகளுக்கும் நல்லது.

பெரிய தலை, சிறிய கழுத்து

பொம்மைச் சட்டையைக் குழந்தைச் சட்டையின் சுருங்கிய வடிவம் என்று நினைத்தால் வெட்டும்போதே பிழைத்துவிடும். எங்கள் பிள்ளையின் உயரம் 12 அங்குலம். தலைச்சுற்று 11, கழுத்துச்சுற்று ஐந்தரை, மார்பு எட்டரை, இடுப்பு 9. உடம்பின் எந்தப் பகுதியையும் விடத் தலை பெரியது. ஆகவே தலைவழியாகப் போடும் சட்டை என்ற பேச்சே இல்லை. முதுகிலோ முன்னாலோ மேலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை திறக்க வேண்டும். முதுகில் திறந்தால் முன்பக்கம் அழகாக இருக்கும். முன்னால் திறந்தால் நான்கு வயதுப் பிள்ளை தானே பூட்டிக் கழற்றப் பழகும். நாங்கள் இரண்டு விதமாகவும் தைக்கிறோம். என்னைக் கேட்டால் முன்திறப்பே நல்லது. கடைக்காரர்கள் முதுகுத் திறப்பைத்தான் கேட்கின்றனர்.

பிறவுண் பேப்பரில் பற்றன் வரையும்போது மார்புச் சுற்றோடு ஒரு அங்குலம் தளர்வாகக் கூட்டி, திறப்பின் இரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு அரை அங்குலம் விடுகிறோம். பாவாடைப் பகுதிக்கு மார்பளவின் இரண்டு மடங்கு, அதாவது 17 அங்குலத் துணியைச் சுருக்கினால் போதும். அதற்கு மேல் போனால் சுருக்கு தடித்து, இடுப்பில் சும்மாடு கட்டினமாதிரி நிற்கும். கைத்துளை மிகச் சிறியது. தைத்து முடித்த குழாய்க்குள் கையைப் பொருத்துவது மெசினில் நடக்காது. முதலில் தோளை மூட்டி, துணி விரிந்து கிடக்கும்போதே கையின் ஓரத்தை மடித்துத் தைத்து, கையைத் தோளோடு இணைத்து, கடைசியாக மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். அக்குளில் இரண்டு மூன்று இடத்தில் கத்தரி நுனியால் சிறு வெட்டுக் கொடுத்தால் திருப்பும்போது இழுக்காது. திருப்புவதற்கு மழுங்கிய மூங்கில் குச்சி.

பொம்மையின் விரல்கள் பிரியாமல் கையுறை மாதிரி இருப்பதால் பெருவிரல் சட்டைக் கையில் மாட்டும். கைவாய் அகலமாக இல்லாவிட்டால் பிள்ளை இழுத்துப் பிய்க்கும்.

மெசினுக்கு 11ஆம் இலக்க ஊசி, தையலின் நீளம் இரண்டு மில்லிமீற்றருக்குக் கூடாமல். சிறிய துணியின் நுனியை மெசின் பல்லுக்குள் இழுத்துத் தின்னும். அதற்கு முதலில் ஒரு வேண்டாத துண்டில் தையலைத் தொடங்கி, நிற்பாட்டாமல் சட்டைத் துணிக்குள் ஓட்டிச் சென்று, பின்னர் அந்தத் துண்டை வெட்டி விடுவோம். இந்த வழியைச் சொல்லித் தந்தவர் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஏழு வருடம் வேலை செய்த தங்கச்சி. அவர் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் ஊசிக் கொப்பி. ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, சேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, கொப்பியில் ஒட்டித் திகதி போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்று அந்த மேசையில் தைத்த எதுவும் வெளியே போகாது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு ஊசி நுனிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா கா?" என்றார்கள். "மறுகா அது ஒரு பிள்ளையிர வாயில இரிந்தா?" என்று அவர் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தெறிகளும் அப்படித்தான். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கான பொம்மையில் கழன்று வரக்கூடிய சிறு பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. சுமார் 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எதையும் பிள்ளை விழுங்கக்கூடிய பொருளாகக் கணிக்கின்றனர். எந்தத் தெறியும் அதற்குள் அடங்கும். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கான சட்டையில் துணியாலேயே சிறு நாடாக்கள் வைத்து முடிச்சுப் போடுகிறோம். பெரிய பிள்ளைகளின் பொம்மைக்குச் சிரட்டைத் தெறி. இரும்பு அழுத்துப் பொத்தான் எங்கள் வாவிக்கரை உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விட்டதால் அதை நிறுத்திவிட்டோம். நைலோன் லேசும் இலாஸ்ரிக்கும் பாவிப்பதில்லை. பாவித்தால் இயற்கை நார் என்று எழுதுவது பொய். இடுப்புக்கு இலாஸ்ரிக்குக்குப் பதிலாகப் பருத்தி நாடா கோர்க்கிறோம். இது வேலையைக் கூட்டுகிறது. ஆனாலும் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் பதினொரு பேரும் ஒரே பிடியில் நிற்கின்றனர்.

ஒரு கையால் தைப்பவர்

எங்கள் குழுவில் ஒரு சகோதரிக்கு முழங்கைக்குக் கீழே வலது கை இல்லை. ஷெல் வீச்சில் போனது. குழுவில் சேர்ந்தபோது பஞ்சு அடைப்பதை மட்டும் கேட்டு வாங்கினார். தையல் தன்னால் ஆகாது என்பது அவரின் முடிவு.

அவரிடம் நான் ஜேர்மனியப் பெண் ஒருவரின் கதையைச் சொன்னேன். மார்கரெட்டே ஸ்ரைஃப் 1847இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து கால்கள் இயங்காமல் போயின, வலது கையும் நோவோடுதான் அசையும். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தையல் படித்தார். தையல் மெசினின் சக்கரம் வலது பக்கம் இருப்பதால், மெசினையே மறுபக்கம் திருப்பி வைத்து இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தாராம். 1880 அளவில், ஆட்டுரோமக் கம்பளித் துணியில் ஊசி குத்தி வைப்பதற்காகச் சிறிய யானைகளைத் தைத்தார். அவற்றைப் பிள்ளைகள் எடுத்து விளையாடத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்ரைஃப் விளையாட்டுப் பொருள் தொழிற்சாலை. 1909இல் அவர் இறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1907இல், அந்தத் தொழிற்சாலை ஒரே வருடத்தில் செய்த கரடிப் பொம்மைகள் ஒன்பது இலட்சத்துக்கு மேல்.

இந்தக் கதையைக் கேட்டு அவர் உடனே எழுந்து மெசினில் உட்கார்ந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் கேட்டது வேறு. "அவட காலுக்கு ஆர் மிஸ் உதவி செஞ்ச?" வீட்டாரும் சகோதரிகளும் என்றேன். "அதான்" என்றார்.

சில கிழமைக்குப் பிறகு பக்கத்தில் இருப்பவர்களாகவே வழி தேடத் தொடங்கினார்கள். குண்டூசி குத்துவதற்கு இரண்டு கை வேண்டும். உடுப்புக் கொடியில் மாட்டும் கிளிப் என்றால் ஒரு கை போதும். வெட்டும்போது துணி நகராமல் இருக்கப் பழைய கரி அயன்பெட்டியைத் துணிக்கு மேல் வைத்தார்கள். ஊசியில் நூல் கோர்ப்பதைக் காலையில் பக்கத்து மேசைக்காரி பத்து ஊசிக்குச் செய்து, ஒரு பஞ்சுத் தலையணையில் குத்தி வைத்துவிடுவார். மிதி மெசினில் சக்கரத்தைக் கால் பார்த்துக்கொள்கிறது, இடது கை துணியை நடத்துகிறது. இப்போது பாவாடை ஓரங்களும் நேர்த் தையல்களும் அவருடையவை. கைத்துளை மட்டும் இன்னும் அவருக்கு வரவில்லை. 2022இல் மின்சாரம் நாளுக்குப் பல மணித்தியாலம் நின்ற மாதங்களில் பட்டணத்து மின் மெசின்கள் எல்லாம் ஓய்ந்திருக்க, எங்கள் மிதி மெசின்கள் நிற்கவில்லை. நூலின் விலையும் துணியின் விலையும் ஏறியதுதான் அப்போது எங்களை அடித்தது.

எந்த நிறம், என்ன உடுப்பு

கணவனை இழந்த பெண் நிறமுள்ள சேலை உடுத்தினால் இன்றைக்கும் முணுமுணுக்கின்ற ஊர்கள் நம்மிடையே உள்ளன. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகின்ற பெண்களின் மேசையில் மஞ்சளும் மாம்பழ நிறமும் மயிற்கழுத்துப் பச்சையும் குவிந்து கிடக்கின்றன. சமூகவியல் படித்தவள் என்பதால் இதில் எனக்குப் பல எண்ணங்கள் ஓடும். அவர்களோ இந்தச் சிவப்புக்கு இந்த ஓரம் ஒத்துவருமா என்பதைப் பற்றித்தான் கதைப்பார்கள். பாவைப்பிள்ளைக்கு நிறம் தெரிவு செய்வதில் ஒருவரும் ஒருவரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ஒருமுறை கொழும்புக் கடையொன்று கூறைச்சேலை உடுத்த மணப்பெண் பொம்மைகள் 20 கேட்டது. நல்ல விலை. ஒரு அக்கா தைக்க மாட்டேன் என்றார். இன்னொருவர், "நான் தைக்கிறன். எனக்குக் கூறை உடுக்கக் கிடைக்கல்ல, பதுங்கு குழிக்கு நடுவில தாலி கட்டினது, இதுக்காவது வடிவா உடுத்திப் பாக்கிறன்" என்றார். இருவருடைய பேச்சையும் ஏற்றுக்கொண்டோம். தைத்தவர் ஒவ்வொரு பொம்மைக்கும் கொய்யகத்தை ஐந்து மடிப்பாக மடித்து, கழன்று போகாமல் உள்ளுக்குள் நூலோட்டம் போட்டார். ஆறு யார்ச் சேலை உடுப்பதைவிட ஒரு முழச் சேலை உடுப்பது கஷ்டம் என்பதை அப்போது கண்டோம். மெல்லிய துணியும் அளவு குறையும்போது விறைத்து நிற்கும். சேலையைப் பொம்மைக்காக மடிப்பு வைத்துத் தைத்து, பாவாடை மாதிரிப் பூட்டும்படி செய்வதே சரிவந்தது.

பாடசாலைச் சீருடை போட்ட பொம்மைதான் ஊருக்குள் அதிகம் விலைப்படுகிறது. பாவாடை சட்டை, தாவணி, பர்தா, சிங்களப் பிள்ளைகளின் லமா சாரி எல்லாம் தைக்கிறோம். மருதமுனையில் எங்களுக்குத் துணி தருகின்ற வீட்டுக்காரம்மா தனது பேத்திக்காகப் பர்தா போட்ட பொம்மை கேட்டபோது, அதன் தலைத்துணியின் அளவை அவரே எங்கள் மேசையில் இருந்து வெட்டிக் காட்டினார்.

ஒரு தாய் தைத்த வெள்ளைச் சீருடைப் பொம்மை மட்டும் அலுமாரியில் இருக்கிறது. விற்பதற்கு அல்ல என்று சொன்னார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் தனது மகளைப் பற்றி விண்ணப்பம் கொடுக்காத அலுவலகம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சட்டைக்கு என்ன விலை?

நீண்ட காலமாக எங்களுக்கு ஒரு பொம்மைக்கு, உடுப்போடு சேர்த்து, 450 ரூபா கூலியாக வந்துகொண்டிருந்தது. பொருட்செலவு வேறு. வாங்குகின்ற கடைக்கு உடுப்பு என்பது பொம்மையோடு சும்மா வருகிற ஒன்று. எங்களில் சிலருக்கும் அப்படித்தான் பட்டது. "துண்டுத் துணிதானே மிஸ், அதுக்குமா காசு கேக்கிற?" என்றார்கள்.

2025இல் ஒரு கிழமை முழுதும் மணிக்கூட்டை மேசையில் வைத்துக் குறித்தோம். பஞ்சு அடைத்து, தலை கட்டி, முகம் தைத்து, மயிர் வைக்க 190 நிமிடம். சட்டைக்கு 110 நிமிடம், உள்ளாடைக்கு 30. மொத்தம் ஐந்தரை மணித்தியாலம். அதில் 140 நிமிடம் உடுப்புக்கு, பத்தில் நான்கு பங்குக்கு மேல். 450 ரூபாவை ஐந்தரையால் பிரித்தபோது மணிக்கு 82 ரூபா வந்தது. அந்த வருடம் ஏப்ரல் முதல் நாட்டின் ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 27,000 ரூபா, நாளுக்கு 1,080 ரூபா. எட்டு மணித்தியால நாள் என்று வைத்தால் மணிக்கு 135 ரூபா. வீட்டிலிருந்து துண்டுக்கணக்கில் தைப்பவரை இந்தச் சட்டம் நடைமுறையில் எட்டுவதில்லை. ஆனால் கணக்குப் பார்ப்பதற்கு அது ஒரு அளவுகோல். அதன்படி உடுப்புக்கு மட்டும் 315 ரூபா, பொம்மைக்கு 427 ரூபா 50 சதம் வரவேண்டும். 2026 சனவரியிலிருந்து நாட்கூலி 1,200 ரூபாவாக உயர்ந்ததால் மணிக்கு 150 என்று இந்தக் கணக்கும் மாறுகிறது.

குறித்த கொப்பியை நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். கிழமைக் கடனுக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது ஒளித்திருந்த ஒருவர் சொன்னார்: "நான் சும்மா குடுத்த மணித்தியாலத்தைச் சேர்த்திருந்தா அந்தக் கடன் முடிஞ்சிருக்கும்."

பொம்மை உடுப்பு என்பது இனாம் பொருள் அல்ல என்பதை உலகச் சந்தை எப்போதோ கண்டுகொண்டது. அமெரிக்காவின் பார்பி பொம்மை 1959இல் விற்பனைக்கு வந்தபோதே அதன் உடுப்புகள் தனித்தனியாக விற்கப்பட்டன. ஒரு பிள்ளை ஒரு பொம்மையைத்தான் வாங்கும், உடுப்பை மீண்டும் மீண்டும் கேட்கும். அந்த முதல் உடுப்புகளைத் தைத்தவர்கள் யப்பானில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள். பார்பியின் பெயரை உலகம் அறியும், தைத்தவர்களை அறியாது.

எனவே கடைக்கு உடுப்பின் விலையைத் தனியாக எழுதி அனுப்பினோம். மாற்றுடுப்பு ஒன்றையும் சிறு துணிப்பையில் போட்டுத் தனிப் பொருளாக வைத்தோம். கடை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. விலை கூட வேண்டும் என்றால் ஒரு சிட்டையும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு பொம்மையின் கழுத்திலும் தைத்தவரின் படத்தோடு, யுத்தத்தில் கணவனை இழந்தவர், கையை இழந்தவர், இத்தனை பிள்ளைகளின் தாய் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சிட்டை. வெளிநாட்டவர் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம்.

இதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால் கூட்டத்தில் வைத்தேன். இரண்டு நாள் கதைத்தார்கள். பிள்ளைகளின் ரியூசன் காசுக்காகப் போட்டால் என்ன என்று மூன்று பேர் நினைத்தார்கள். அது அவர்களின் நியாயம், நான் குறைசொல்லவில்லை. கை இழந்த சகோதரி கடைசியாகப் பேசினார். "எண்ட ஓரத்தையல் கோணலா இரிந்தா திருப்பி அனுப்பட்டும். நேரா இரிந்தா அதுக்குக் காசு தரட்டும். கையிர கதைக்கு என்ன விலை போடுவினம்?" அதன் பிறகு வாக்கெடுப்பு நடந்தது. எட்டுக்கு மூன்று.

இப்போதுள்ள சிட்டையில் இருப்பது இவ்வளவுதான்: மட்டக்களப்பில் கையால் செய்தது. உடல் பருத்தி, உள்ளே இலவம் பஞ்சு, உடுப்பு கைத்தறி. உடுப்பைக் கழற்றிக் குளிர் தண்ணீரில் தோய்க்கவும். பொம்மையை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைக்கவும். பின்புறத்தில் தைத்தவரின் இலக்கம், ஒன்றிலிருந்து பதினொன்றுவரை. பிழை வந்தால் யாரிடம் திருத்தக் கொடுப்பது என்று தெரிவதற்காக.

கடை தனது கட்டளையைப் பாதியாகக் குறைத்தது. உடுப்புக்கு 315 கேட்டோம், 280க்கு இணங்கியது. அந்த மாதம் குழுவின் வருமானம் விழுந்தது. விழுந்ததை ஓரளவு நிரப்பியது மாற்றுடுப்புப் பைகள்தான். மட்டக்களப்பு நகரில் ஒரு புத்தகக் கடையும் ஒரு பாலர் பாடசாலையின் விற்பனை நாளும் அவற்றை எடுத்தன. பழைய பொம்மைக்குப் புதுச் சட்டை கேட்டு அளவு நாடாவோடு ஒரு தாய் வந்தார். அவர் கொண்டுவந்தது எங்கள் பொம்மை அல்ல, கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பிள்ளை. தலை சிறியது, கழுத்து நீளம், எங்கள் பற்றன் ஒன்றும் பொருந்தவில்லை. கட்டுநாயக்கத் தங்கச்சி பிறவுண் பேப்பரை எடுத்து, அந்தப் பிள்ளையை மேசையில் கிடத்தி, புதிதாக அளவெடுக்கத் தொடங்கினார்.

பங்குனியில் இலவங்காய் வெடிக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் 40 சட்டைகளை முடித்துவிட்டால், பஞ்சு அடிக்கும் நாட்களில் மெசின்களை மூடி வைக்கலாம். பஞ்சுத் தூசு மெசினுக்குள்ளும் போகும்.